தோளில் வெள்ளையாக ஏதோ

"வரியை மாத்தினது யாரு? நானா, நீயா?"

"நீ முதல்ல கையை இறக்கினியா? இறக்கினாத்தானே நான் அடுத்த வரிக்கு—"

"கையைப் பத்திப் பேசாதே. பதத்துல எங்கேடி 'அக்கா' வருது? எந்தக் காலத்துல, யாரு பாடின பதத்துல—"

"பால் கக்கின தோள் மட்டும் வருதாக்கும்? காட்டினியே, அது எந்தக் காலத்துல—"

"நான் காட்டல."

"சபையே பாத்தது, அக்கா."

"நான் காட்டலடி. கை காட்டிச்சு."

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கழிப்பறையைத் தேடிப் போன வழியில். இதைவிடக் கௌரவமான ஓர் ஆரம்பத்துக்கு ஆசைப்பட்டு நாலைந்து தடவை எழுதிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு டிக்கெட் உபரியாக இருந்தது. "வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, வாங்கம்மா" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் கோயிலில் சாமிக்கு முன்னால் ஆடிய ஆட்டம். இப்போது மேடையில், விளக்கு வெளிச்சத்தில். ஒரே ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவள். அவளே காதலி, அவளே காதலன், அவளே மான், அவளே மழை. வாயே திறப்பதில்லை. பேச்செல்லாம் கையும் கண்ணும்தான்.

எனக்கு ஒத்துவராத சமாசாரம் இது. நான் வானொலிக்கு நாடகம் எழுதிப் பிழைத்தவள். கதை எனக்குக் காதில்தான் வரும். யாரோ யாரையோ "ஏன் வரல?" என்று கேட்பார்கள், மற்றவர் மழுப்புவார், அந்த மழுப்பலைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். முகம், உடுப்பு, ஜன்னல் எல்லாம் பிறகு, ஒட்டவைத்தால் உண்டு. அதனால் ஆட்டம் நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். (பக்கத்து வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். நான் தூங்கவில்லை. சத்தியமாக.)

இடைவேளையில் எழுந்தேன். முன்பக்கத்துக் கழிப்பறையில் கூட்டம். பின்பக்கம் ஒன்று இருப்பதாக யாரோ கைகாட்டினார்கள். நீளமான நடைபாதை, மடக்கு நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள், ஓர் இஸ்திரி மேசை, சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை. ஒரு கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தரை ஈரமாக இருந்ததால் வழுக்குமோ என்று நின்றேன் என்று எழுதினால் நம்புவீர்களா? வேண்டாம். கேட்கத்தான் நின்றேன்.

உள்ளே இரண்டு குரல். ஒன்று சற்று முன்வரை மேடையில் பாடிய குரல். மற்றது நான் கேட்டே இராத குரல், கரகரவென்று, அடித்தொண்டையில். அது யாருடையது என்று சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அத்தனை நேரம் வாய் திறக்காமல் ஆடியவள் பேசுகிறாள்.

அக்கா ஆடுகிறவள், தங்கை பாடுகிறவள். அவர்கள் போட்ட சண்டை பாட்டைப் பற்றியதே இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. அக்காவின் ஒரே மகள் வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவள். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தங்கைக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. மேடைக்கு ஏறும்வரை தெரியாது. சபைக்கு நடுவில், ஆடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொண்டாள். யாரும் சொல்லவில்லை.

எப்படித் தெரிந்தது, தெரிந்தபின் அவள் அந்த மகள் வீட்டு வாசலுக்குப் போவாளா, போனால் கதவு திறக்குமா. இவ்வளவுதான் கதை. முதல் பாதியை எழுதிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

2

முதல் முயற்சி:

*அந்தி மயங்கும் நேரம். சலங்கை ஒலி மெல்ல*

வேண்டாம். சலங்கை என்று ஆரம்பித்தாலே அடுத்த பத்தியில் யாராவது அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது முயற்சி:

*தங்கை ஒரு துரோகி.*

எழுதியதும் எனக்கே பிடித்திருந்தது. ஒருத்தியைக் கெட்டவளாக்கிவிட்டால் எழுதுகிறவளுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் அடுத்த வாக்கியம் வரவே இல்லை. துரோகி உட்கார்ந்தாள், துரோகி தண்ணீர் குடித்தாள் என்று எத்தனை நாள் எழுதுவது?

மூன்றாவது:

*ஒரு வரியை எத்தனை தடவை பாடுவது என்று முடிவு செய்வது, பாடுகிறவள் அல்ல.*

இது நிற்கிறது. இங்கிருந்தே வருகிறேன்.

பதம் என்பது மெதுவான பாட்டு. பாடுகிறவள் ஒரு வரியைப் பாடுவாள். ஆடுகிறவள் கையால் அதற்கு அர்த்தம் சொல்வாள். அதோடு விடமாட்டாள். அதே வரிக்கு இன்னொரு அர்த்தம், பிறகு வேறொன்று என்று அந்த நேரத்தில் மனதுக்குத் தோன்றுகிறபடியெல்லாம் விரித்துக்கொண்டே போவாள். அதுவரை பாடுகிறவள் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். ஆடுகிறவள் ஓர் அடி பின்வாங்கிக் கையை இடுப்புக்கு இறக்கினால், "போதும், அடுத்ததுக்குப் போ" என்று பொருள். இறக்காதவரை போகக் கூடாது. (இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் சொல்லித்தந்தது. சின்ன வயதில் கொஞ்ச நாள் ஆடக் கற்றுக்கொண்டாளாம். "முட்டி ஒத்துக்கல, விட்டுட்டேன்" என்றாள்.)

அன்றைய பதத்தில் ஒரு தலைவி தன் தோழியைக் காதலனிடம் தூது அனுப்புகிறாள். காதலன் யாரோ எவரோ இல்லை, கோயிலில் இருக்கிற சாமிதான். தோழி போய்விட்டுத் திரும்பி வருகிறாள். வந்தவள் வாய் திறக்கவில்லை. தலைவி அவளை ஏற இறங்கப் பார்க்கிறாள். பொட்டு ஏன் கலைந்திருக்கிறது? பின்னல் ஏன் அவிழ்ந்திருக்கிறது? தூது போனவளே அவனோடு இருந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்க்கிற நமக்கு முதலிலேயே புரிந்துவிடும். தலைவிக்குக் கடைசியில்தான் புரியும். வரி இதுதான்:

*சென்ற இடத்தில் கண்டதென்ன, சொல்லடி தோழி.*

தோழி சொல்வதில்லை. சொல்ல மேடையில் தோழி என்று யாரும் இல்லை. இடப்பக்கம் காலியாக விட்ட ஓர் இடத்தைப் பார்த்துத்தான் தலைவி கேட்பாள். பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இதை மறந்துவிடாதீர்கள்.

3

தங்கை தாமதமாக வந்தாள். அக்கா முகப்பூச்சு முடித்து, ஒரு கண்ணுக்கு மை தீட்டி, மற்றதை அப்படியே விட்டுவைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேடி போனே?"

"பஸ் கிடைக்கல."

"நீ கார்லதானே வருவே?"

"அதான். பஸ் கிடைக்கல, கார்ல வந்தேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பூச்சு விரிந்துவிடும் என்று உதட்டைக் குவித்துக்கொண்டாள். தங்கைக்குப் பொய் சொல்ல வராது. பாட்டுதான் வரும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

"சரி சரி, காலைப் பிடி. நேரமாச்சு."

சலங்கை கட்டிவிடுவது தங்கையின் வேலை. முன்பு மகளின் வேலை. தங்கை குனிந்து வாரை இறுக்கும்போது அவளுடைய தோள் அக்காவின் மை தீட்டாத கண்ணுக்கு நேராக வந்தது. கருநீலச் சேலை. தோள் மடிப்பில் வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்கு, காய்ந்த கறை.

"தோள்ல என்னடி வெள்ளையா?"

"எங்கே? ஓ. பவுடர்."

"முகம் கழுவவே சோம்பல்படறவளுக்குப் பவுடர் ஏது?"

"உன் பவுடர்தான். மேசை பூரா கொட்டி வெச்சிருக்கியே, மாவு சலிச்ச மாதிரி."

தங்கை தோளைத் தட்டினாள். பவுடராக இருந்தால் பறந்திருக்கும். பறக்கவில்லை. லேசாக ஒரு வாடை வந்தது, புளித்த வாடை. முகப்பூச்சு டப்பா கெட்டுப்போயிருக்கும், மாற்ற வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மற்றக் கண்ணுக்கு மை தீட்டினாள்.

அவள் கறையைப் பார்த்தாள். அவள் கறையைப் பார்க்கவில்லை. [இதில் ஒன்றை அடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டும் இருக்கட்டும்.]

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. மகள் வீட்டைவிட்டுப் போன சில நாளிலேயே அக்கா தங்கையைத் தூது அனுப்பியிருந்தாள். "நான் அனுப்பினேன்னு சொல்லாதே. அந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு நுழைஞ்சேன்னு சொல்லு. பேச்சுவாக்கில வரச் சொல்லு." தங்கை போய்விட்டு வந்தாள். "வீடு மாத்திட்டாளாம் அக்கா. எங்கேன்னு யாருக்கும் தெரியல." அக்கா அதை நம்பினாள்.

நம்புவாளா? பஸ்–கார் பொய்யைப் பிடித்தவள் இதை நம்பினாள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த ஆடுகிறவள் பாத்திரம் சரியாக வரவில்லை, எங்கோ ஓட்டை என்று தாளைத் தள்ளிவைத்துவிட்டேன். பிறகு அவள் இடத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். "பாத்தேன் அக்கா, வர மாட்டேன்னுட்டா." "வீடு மாத்திட்டா அக்கா." இரண்டில் எதைக் கேட்டுவிட்டு ராத்திரி சாப்பிட முடியும்? நம்புவாள். கண்டிப்பாக நம்புவாள்.

4

மேடையில் அவளுக்கு அன்று எல்லாம் கூடி வந்தது. சபை மூச்சுவிடாமல் இருந்தது. தங்கையின் குரல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. *சென்ற இடத்தில் கண்டதென்ன, சொல்லடி தோழி.* இடப்பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துப் பொட்டைக் கேட்டாள். பின்னலைக் கேட்டாள். மூச்சு ஏன் வாங்குகிறது, ஓடி வந்தாயா, யாருக்குப் பயந்து ஓடினாய் என்று கேட்டாள். வழக்கமாக இங்கே கையை இறக்கிவிடுவாள்.

இறக்க மனம் வரவில்லை. இன்னும் ஒன்று, வருவது வரட்டும். யோசித்துவைத்துக்கொண்டு ஆடுகிறவள் இல்லை அவள். கையைக் கிளப்பி விட்டுவிடுவாள், கை எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போவாள்.

கை எழுந்தது. கழுத்துக்குப் போயிருக்க வேண்டும்; மாலை ஏன் வாடியிருக்கிறது என்று கேட்பது உண்டு. போகவில்லை. தோளுக்குப் போனது. விரல் நுனி தோளைத் தொட்டு, ஈரம் பார்த்து, மூக்குக்கு வந்தது. முகர்ந்தாள். புளித்த வாடை. இடக்கை அவளைக் கேட்காமலே மடங்கி எதையோ ஏந்திக்கொண்டது. வலக்கை திரும்பவும் தோளுக்குப் போய், அங்கே சாய்ந்திருந்த எதையோ மெல்லத் தட்டிக்கொடுத்தது.

தட்டுகிற கையை அவள் பார்த்தாள். எதைத் தட்டுகிறது இது?

பாலைக் குடித்தபின் ஏப்பம் வரவேண்டி தோளில் போட்டுத் தட்டுகிற கை. மகளை அப்படித் தட்டியிருக்கிறாள். தட்டும்போது கக்கும். வெள்ளையாக வழியும், காயும்—

வலப்பக்கம், தங்கையின் குரல் தடுக்கியது.

ஒரு கணம்தான். "கண்டதென்ன"வில் கால் இடறி எழுந்துகொண்டது. கேட்டவர்கள் அதையும் பாட்டின் உருக்கம் என்று நினைத்திருப்பார்கள். அக்காவுக்கு அது போதும். சேர்ந்து வளர்ந்தவள்; இந்தக் குரல் எப்போது தடுக்கும் என்று தெரியாதா?

அவள் திரும்பினாள். இடப்பக்கத்துத் தோழியை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பினாள். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவுக்குத் திசை மறந்துவிட்டதா?

கை கேட்டது: குழந்தையா?

*சென்ற இடத்தில் கண்டதென்ன, சொல்லடி தோழி.*

கை கேட்டது: யாருடையது? என் வயிற்றில் பிறந்தவளுக்குப் பிறந்ததா?

*சென்ற இடத்தில் கண்டதென்ன, சொல்லடி தோழி.*

தன்னைக் கேட்கிற கேள்வியைத் தானே பாட வேண்டும் தங்கை. நிறுத்த முடியாது, அக்கா கையை இறக்கவில்லை. அடுத்த வரிக்கு ஓட முடியாது. அக்கா கையை இறக்கவில்லை. நீ தூக்கினாயா? தோளில் போட்டாயா? என்னிடம் பவுடர் என்றாயா? ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அக்கா அசையாமல் நின்றாள். தங்கை கன்னத்தில் நீர் வழிய, கேள்வியையே பதிலாகப் பாடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் யாரோ "ஆஹா" என்றார்கள்.

பிறகுதான் அது வந்தது.

*சென்ற இடத்தில் கண்டதை எப்படிச் சொல்வேன், அக்கா.*

நான் கண்ணைத் திறந்தது அப்போதுதான். பதத்தில் யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள் என்பது என்னைப் போன்ற ஞானசூனியத்துக்கே தெரியும். மேடையில் அவள் தோளில் கைவைத்தபடி கல்லாக நின்றாள். விளக்கு அணைகிறவரை அந்தக் கை இறங்கவே இல்லை. சபை எழுந்து நின்று தட்டியது. பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தீங்களாம்மா! தோழியே பேசிட்டா! என்ன கற்பனை, என்ன கற்பனை!"

5

கை முதலில் தெரிந்துகொள்ளுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன்.*

[* "கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் கை செய்யும். நாமதான் கண்ணுக்கு என்ன தெரிஞ்சதுன்னு கவனிக்கறதில்ல" என்றாள். பிறகு, "ஏம்மா, எதுக்குக் கேக்கறீங்க?" "சும்மா." "சும்மா கேக்கற ஆளா நீங்க?" இவளைக் கதையில் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்ந்துவிட்டாள்.]

6

மறுபடியும் கதவுக்கு வருகிறேன். இங்கிருந்து எல்லாம் காதால் கேட்டது. ஒட்டவைத்தது எதுவும் இல்லை.

"கை காட்டிச்சாம். நல்லா இருக்கே நியாயம். அப்போ என் வாயும் தானா பாடிச்சு, போ."

"எப்போ பொறந்தது?"

பதில் இல்லை.

"எப்போடி?"

பதில் இல்லை.

"கையால சொல்லாதே! வாயைத் திற. சாப்பாட்டு மேசைக்குக் கீழே, அப்பாவுக்குத் தெரியாம கையால பேசிக்கிட்ட காலமெல்லாம் போச்சு. இன்னைக்கு எனக்கு வாயால வேணும்."

(பதில் இல்லை, பதில் இல்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் உள்ளே பதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.)

"அவதான் சொல்லாதேன்னா."

"யாரு?"

"யாரு, எதிர்வீட்டுக்காரியா? உன் பொண்ணுதான். 'சித்தி, அம்மாகிட்ட சொன்னீங்கன்னா அப்புறம் நீங்களும் வர வேண்டாம்'னா. நான் என்ன பண்ணட்டும்? சொன்னா அவ போயிடுவா, சொல்லாட்டி உன்னை—"

"சரி, என்னைத் தொலைச்சா பரவாயில்லன்னு முடிவு பண்ணிட்டே."

"உன்னைத் தொலைக்கவே முடியாதுன்னு நெனச்சேன், அக்கா. நீ எங்கே போயிடப் போறே?"

அப்போது மிருதங்கக்காரர் என்னைத் தாண்டி வந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, அடுத்த உருப்படிக்குச் சுருதி—"

"வெளியே போங்க!" இரண்டு பேரும் ஒரே சுருதியில்.

அவர் திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார்.

"கழிப்பறை எங்கேப்பா?" என்றேன்.

"நேராப் போய் இடது கைப் பக்கம்."

"நல்லா இருப்பே" என்றேன். அவர் போனார். நான் போகவில்லை.

"அப்படி என்னடி சொல்லிட்டேன் நான் அவளை?"

"சலங்கையைக் கழட்டினா வாசப்படியையும் இறங்கிடுன்னே."

"கோவத்துல சொன்னது!"

"அவளும் கோவத்துலதான் இறங்கினா."

"பத்துப் பேர் பாக்க, மேடை ஏறப் போற நேரத்துல, 'எனக்கு இது வேண்டாம்மா, உனக்காகத்தான் ஆடினேன்'னு சொன்னா எந்தத் தாய்க்குத்தான்—"

"அவ கழட்டிப் போட்ட சலங்கையைத்தானே அன்னையிலேர்ந்து நீ கட்டறே? எனக்குத் தெரியாதா? காலைப் பிடிச்சுக் கட்டிவிடறவளே நான்."

அடித்தொண்டைக் குரல் மெதுவாயிற்று. அவ்வளவு மெதுவாக அது பேசும் என்று நான் நினைக்கவில்லை.

"குப்புற விழுதா?"

பதில் இல்லை.

"வாயால சொல்லு. தவழுதா?"

"நிக்குது, அக்கா."

"சுவத்தைப் பிடிச்சா?"

"பிடிக்காம."

சலங்கை மொத்தமாக ஒரு தரம் கொட்டியது. யாரோ உட்கார்ந்தார்கள், அல்லது விழுந்தார்கள். நான் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நின்றேவிட்டது. அத்தனை நாளும் இந்தத் தங்கை வந்து காலைப் பிடித்துச் சலங்கை கட்டிவிட்டுப் பாடியிருக்கிறாள். அக்கா கேட்டுக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

7

முடிவுக்கு என்ன செய்வது?

(அ) அக்கா பூச்சைக்கூடக் கழுவாமல் தங்கையின் காரில் ஏறிப் போகிறாள். மாடிப்படி. அழைப்பு மணி. மகள் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறக்கிறாள். மை தீட்டிய அந்தப் பெரிய கண்ணைப் பார்த்துக் குழந்தை வீறிடுகிறது. மகள் சொல்கிறாள்: "

மேற்கோள்குறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குரல் எனக்கு வரவே இல்லை. திட்டுவாளா, உள்ளே வா என்பாளா, "சித்தி, நீங்களுமா" என்பாளா? குரல் வராத ஒருத்தியை நான் எழுதியதில்லை. அவளை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

(ஆ) தங்கை தன் கைபேசியில் குழந்தை நிற்கிற படத்தைக் காட்டுகிறாள். குழந்தை தாளத்துக்குக் காலைத் தூக்கி

அடித்துவிட்டேன். இத்தனை தித்திப்புக்கு எறும்பு மொய்க்கும்.

(இ) அக்கா தங்கையோடு பேச்சை அறுத்துக்கொள்கிறாள். வேறு ஒருத்தி பாடுகிறாள். அக்கா கையை உரிய நேரத்தில் இறக்குகிறாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இதை எழுதிவிட்டு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அதுதான் இந்த மூன்றையும்விட மோசம். மணி அடித்தது. நான் என் இருக்கைக்குத் திரும்பினேன். திரை விலகியது. அவள் வந்தாள், கும்பிட்டாள், ஆடினாள். சிரித்துக்கொண்டு ஆடினாள். வலப்பக்கம் தங்கை பாடினாள், குரல் எங்கேயும் தடுக்கவில்லை. இந்தத் தடவை கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வேண்டிய முகத்தை வரவழைத்துக்கொள்ள அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. அது போய்ப் பார்க்கப் போகிற முகமா, போகப் போவதில்லை என்று முடிவான முகமா? பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"எப்படி இருக்கா?"

"சந்தோஷமா இருக்காம்மா. பாட்டு அப்படி."

பாட்டு அப்படி.

8

ஆகவே மணி அடிப்பதற்கு முன், கதவருகே நான் கடைசியாகக் கேட்டதை மட்டும் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு வாயால் பதில் வரவில்லை. நிச்சயமாக வரவில்லை, என் கண்ணை நம்ப வேண்டாம், காதை நம்பலாம். கையால் வந்திருக்கலாம். அந்த ஒரு தரம் அக்கா "வாயால சொல்லு" என்று அதட்டவும் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் தங்கையின் கைகள் தெரிந்திருக்கும். மடியில் கிடந்தனவா, எழுந்தனவா, எழுந்து முகத்தை மூடிக்கொண்டனவா. ஆயுள் பூராவும் பிறர் பேசுவதைக் கேட்டுப் பிழைத்தவளுக்கு அந்த ஓர் அடி எடுத்துவைக்கத் துணிவில்லை. நீங்கள் வைக்கலாம். தரை ஈரம்தான், பார்த்து.

சலங்கை ஒலிக்கவில்லை. யாரும் அழவில்லை. அந்தக் கரகரத்த குரல், கேட்கவே பயந்ததுபோல, கேட்டது:

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளாடி?"